பாட்டு ஓடும்போது பாடம் ஏறுமா?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த வகையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், நீட் பயிற்சிக்கும் போகிறான். புத்தகத்தைத் திறந்ததுமே காதில் ஹெட்செட் ஏறிவிடுகிறது. கேட்டால், பாட்டு இல்லாவிட்டால் உட்காரவே முடியவில்லை, அது ஓடினால்தான் கவனம் நிற்கிறது என்கிறான். அவன் அப்பாவோ பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தவன் எவன் உருப்பட்டான் என்று சத்தம் போடுகிறார். இதற்கிடையில் வீணையும் மொசார்ட் என்ற ஐரோப்பிய இசைமேதையின் இசையும் நினைவாற்றலைக் கூட்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்வதற்குப் பதில் அதைப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனியறை கிடையாது, ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கும் என்றும் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி நீங்கள் நினைப்பதைவிட முக்கியம், பிறகு வருகிறேன். இசை நல்லதா கெட்டதா என்பதுதான் கேள்வி போலத் தெரிந்தாலும், "எனக்கு இது தொந்தரவாக இல்லை" என்று பையன் சொல்வதை நம்பலாமா என்பதே உங்களுடைய உண்மையான சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. தன் மனநிலையைப் பற்றி அவன் சரியாகத்தான் சொல்கிறான். பாடம் எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் அந்த மனநிலையை வைத்து அளக்க முடியாது.

நான் பி.எட். மாணவர்களுக்குப் பல வருடங்களாகக் கல்வி உளவியல் நடத்துகிறேன். மருத்துவர் இல்லை. நான் நம்பியிருக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கல்லூரி மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்துச் செய்தவை. பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று நடந்தவை. இரண்டு வருடம் தொடர்ந்து தமிழ்ப் பாட்டைக் காதில் வைத்துக்கொண்டு உயிரியல் படித்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்தவை அல்ல. ஆகவே நான் உறுதியாகச் சொல்கிற இடங்களையும் ஊகமாகச் சொல்கிற இடங்களையும் பிரித்துப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. ஒரு செய்தியைக் கொஞ்ச நேரம் மனத்தில் பிடித்துவைத்துக்கொள்ள நாம் எல்லோரும் உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறோம். போன் நம்பரை யாராவது சொன்னால், எழுதுகிற வரைக்கும் உதட்டுக்குள்ளேயே முணுமுணுப்போமே, அதுதான். ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974-இல் முன்வைத்த செயல்படு நினைவு என்ற கோட்பாட்டில் இந்த உள்குரலுக்குத் தனி இடம் உண்டு. அதன் கொள்ளளவு சிறியது, சில விநாடிப் பேச்சு அளவுதான். சிக்கல் என்னவென்றால், காதில் விழும் பேச்சு நாம் அனுமதி கொடுக்காமலேயே அந்த இடத்துக்குள் போய்விடுகிறது. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதுக்கு இமை கிடையாது. அதனால் பாட்டின் வரிகளும் பாடத்தின் வரிகளும் ஒரே மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் பேசுவதுபோல மோதிக்கொள்கின்றன. 1976-இல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கண்ணால் பார்க்கும் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும், பின்னணியில் ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார், அதைக் கவனிக்க வேண்டியதில்லை. கவனிக்காமலே இருந்தும் தவறுகள் கூடின. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திருப்பிச் செய்து பார்த்துவிட்டார்கள். உளவியலில் அசையாமல் நிற்கும் முடிவுகள் குறைவு, அவற்றில் இது ஒன்று.

அந்த 1976 சோதனையில் பின்னணியில் வாசிக்கப்பட்டது ஜெர்மன் மொழி. கேட்டவர்களோ ஆங்கிலம் பேசுபவர்கள். "கொரியன் பாட்டுதான் சார் கேட்கிறேன், ஒரு வார்த்தையும் புரியாது, அதனால் தொந்தரவு இல்லை" என்று என் மாணவர்களின் மாணவர்கள் சொல்வதாகக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வரும். வரிசையாக மனப்பாடம் செய்யும் வேலைக்குப் புரியாத மொழியும் இடைஞ்சல்தான். வாசித்துப் புரிந்துகொள்ளும் வேலையில் கதை கொஞ்சம் மாறுகிறது. அங்கே பொருளும் பொருளும் மோதுவதால் புரிந்த மொழியின் தொந்தரவு அதிகம். ஆக, தமிழ்வழியில் படிக்கும் பையனுக்குத் தமிழ்ப் பாட்டு இரண்டு பக்கமும் இடிக்கும், கொரியன் பாட்டு ஒரு பக்கம் மட்டும் இடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பிடித்த பாட்டு என்றால்? இங்கேதான் உங்கள் மகன் சொல்வது நேரடியாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. வேல்ஸில் நிக் பெர்ஹாம் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், மாணவர்களுக்குப் பிடித்த இசையையும் பிடிக்காத இசையையும் போட்டு வரிசை நினைவைச் சோதித்தார்கள். இரண்டிலுமே அமைதியைவிட மோசமான மதிப்பெண்தான். பிடித்தது பிடிக்காதது என்பதால் பெரிய வேறுபாடு வரவில்லை. 2014-இல் வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்விலும் அதையே செய்தார்கள். வரிகள் உள்ள பாட்டு பிடித்ததாக இருந்தாலும் பிடிக்காததாக இருந்தாலும் அமைதியைவிட மதிப்பெண் குறைந்தது. பிடித்த பாட்டு நேரத்தை இனிமையாக்குகிறது, அதில் சந்தேகமே இல்லை. அந்த இனிமையை நாம் கவனம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

வகுப்பில் இதை நான் ஒரு விளையாட்டாகச் செய்து காட்டுவதுண்டு. எட்டு எண்களை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதி அழிப்பேன், கடைசியில் வரிசை மாறாமல் எழுத வேண்டும். முதலில் அமைதியாக, பிறகு அவர்களே தேர்ந்தெடுத்த பாட்டோடு. இது ஆய்வு இல்லை, எந்தப் பத்திரிகையும் ஏற்றுக்கொள்ளாத வேடிக்கை. ஆனால் "எனக்கெல்லாம் பாட்டு ஒன்றும் செய்யாது" என்று சத்தியம் செய்தவர்களின் தாளில்தான் அடித்தல் திருத்தல் அதிகமாக இருக்கும், வகுப்பே சிரிக்கும். நீங்களும் வீட்டில் அவனோடு செய்து பாருங்கள். அறிவுரையைவிட இது வேலை செய்கிறது.

நம் பிள்ளைகள் படிக்கும் முறையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலைநாட்டுக் கட்டுரைகளில் இந்தப் பகுதி இருக்காது. நம்மிடம் படிப்பு என்றாலே பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லி உருப்போடுவதுதான். கிரெப்ஸ் சுழற்சியின் படிகள், உயிரினங்களின் வகைப்பாட்டு வரிசை, தனிமங்களின் வரிசை, திருக்குறள், வரையறைகள், எல்லாமே வரிசை தவறாமல் சொல்ல வேண்டியவை. உள்குரலை முழுக்க நம்பியிருக்கும் வேலை இது. அதாவது, பாட்டால் மிக எளிதாகக் கெடக்கூடிய வேலையைத்தான் நம் பிள்ளைகள் நாள் முழுக்கச் செய்கிறார்கள். மனப்பாடம் நல்லதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அது இருக்கிற வரைக்கும் அதன் மேல் பாட்டை ஓடவிடுவது நஷ்டம் என்று மட்டும் சொல்கிறேன்.

வரிகள் இல்லாத இசை? தீமை குறைவு. ஆனால் தீமையே இல்லை என்று சொல்ல முடியாது. 1989-இல் சலாமேயும் பேட்லியும் செய்த சோதனைகளில் வாய்ப்பாட்டு கருவியிசையைவிட அதிகமாக நினைவைக் குலைத்தது. 2012-இல் வந்த இன்னொரு ஆய்வு கருவியிசையை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டது. வேகமாகவும் சத்தமாகவும் ஒலித்தபோது வாசிப்புத் திறன் குறைந்தது, மெதுவாக ஒலித்தபோது அப்படி இல்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்து டிலன் ஜோன்ஸின் விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஒலியின் சத்தத்தைவிட அது மாறிக்கொண்டே இருப்பதுதான் வரிசை நினைவைக் குலைக்கிறது என்பது அவர் வாதம். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வந்தால் பெரிய பாதிப்பு இல்லை, ஸ்வரங்கள் மாறி மாறி வந்தால் பாதிப்பு. மின்விசிறிச் சத்தத்தில் நாம் எல்லோரும் படித்துத் தேறியதற்கும், பக்கத்து வீட்டுக்காரர் போனில் பேசுவது மட்டும் எரிச்சலூட்டுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். சுருதிப்பெட்டியின் ஒரே சீரான ஒலியும் இந்தக் கணக்குப்படி பெரிதாகத் தொந்தரவு செய்யக் கூடாது. ராக ஆலாபனை செய்யும், ஏனென்றால் அதன் அழகே ஒவ்வொரு கணமும் மாறுவதில் இருக்கிறது. இதில் இன்னொரு சிக்கல், வீணையில் வாசித்தாலும் அது தெரிந்த சினிமாப் பாட்டாக இருந்தால் வரிகள் தாமாக மனத்தில் ஓடிவிடும். தெரிந்த பாட்டை நடுவில் சில விநாடி நிறுத்தினால்கூட மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதி இயங்கிக்கொண்டே இருப்பதை 2005-இல் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கருவியிசைதான் வேண்டுமென்றால் அவனுக்குத் தெரியாத மெட்டாக இருக்கட்டும்.

எல்லா ஆய்வுகளையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2011-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கெம்ப்ஃபே குழுவினர், பெரியவர்கள் மீது பின்னணி இசையின் விளைவைத் தொகுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விளைவு பூச்சியத்தை ஒட்டி வந்தது. இதைப் பிடித்துக்கொண்டு "இசையால் ஒன்றும் ஆகாது" என்று எழுதியவர்கள் உண்டு, அது தவறான வாசிப்பு. பிரித்துப் பார்த்தால் வாசிப்பைக் கெடுத்தது, நினைவை ஓரளவு கெடுத்தது, மனநிலையையும் உடற்பயிற்சியையும் மேம்படுத்தியது. கூட்டலும் கழித்தலும் சேர்ந்து பூச்சியம் ஆயிற்று. 2018-இல் வாசிலேவ் குழுவினர் வாசிப்பை மட்டும் எடுத்துத் தொகுத்தபோது சத்தம், பேச்சு, இசை மூன்றுமே புரிதலைக் குறைத்தன, வரிகள் உள்ள இசை வரிகள் இல்லாததைவிட அதிகமாக. ஆனால் உங்கள் கணவரிடம் இதைக் காட்டும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் குறைவு சிறியது. பாட்டுக் கேட்டதால் ஒருவன் உருப்படாமல் போவான் என்று எந்த ஆய்விலும் இல்லை.

இனி மறுபக்கம். பாட்டு உதவுகிற இடம் நிச்சயம் உண்டு. கை பழகிப்போன, சலிப்பூட்டும், தலைக்கு வேலை குறைவான காரியங்களில் அது ஆளை உட்காரவைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-இல், பிபிசி வானொலி தொழிற்சாலைகளுக்கென்றே ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கி 1967 வரை நடத்தியது. நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்பவர்களின் சோர்வைப் போக்குவதற்காக. உங்கள் மகனுக்கும் அப்படிப்பட்ட வேலைகள் இருக்கும். ரெக்கார்ட் நோட்டில் படம் வரைவது, அட்டவணை போடுவது, குறிப்பைச் சுத்தமாகத் திரும்ப எழுதுவது, நோட்டுக்கு அட்டை போடுவது. இதற்கெல்லாம் பாட்டு தாராளமாக ஓடட்டும். கணக்கு நடுவில் நிற்கிறது. நூறு தடவை போட்டுப் பழகிய வகைக் கணக்கென்றால் பாதிப்பு தெரியாமல் போகலாம். புதிதாக ஒரு கணக்கைப் பார்த்து எங்கே தொடங்குவது என்று யோசிக்கும்போது அமைதிதான் வேண்டும். பிரிட்டனில் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று சொற்களோடும் பொருந்துகிற நான்காவது சொல்லைக் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். தெரிந்த மொழிப் பாட்டு, தெரியாத மொழிப் பாட்டு, வெறும் இசை மூன்றிலுமே விடை கண்டுபிடிப்பது குறைந்தது. நூலகத்தில் கேட்கும் சாதாரணச் சலசலப்பில் குறையவில்லை.

மொசார்ட் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் வாட்ஸ்அப் செய்தியின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பிரான்சிஸ் ரவுஷர், கார்டன் ஷா, கேத்தரின் கை மூவரும் நேச்சர் இதழில் ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டார்கள். 36 கல்லூரி மாணவர்கள். இரண்டு பியானோவுக்காக மொசார்ட் எழுதிய ஒரு சொனாட்டாவை 10 நிமிடம் கேட்டார்கள். பிறகு, மடித்து வெட்டிய தாளை விரித்தால் எப்படி இருக்கும் என்பது மாதிரியான இட உணர்வுக் கேள்விகளுக்கு அவர்கள் கொடுத்த விடைகள், அமைதியில் இருந்துவிட்டு அவர்களே கொடுத்த விடைகளைவிட மேலாக இருந்தன. அந்த மேன்மை கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. அவ்வளவுதான் அந்தக் கட்டுரை. குழந்தைகள் இல்லை, நினைவாற்றல் இல்லை, நிரந்தர அறிவு வளர்ச்சி இல்லை. முக்கியமாக, கேட்டுக்கொண்டே வேலை செய்யவில்லை, கேட்டு முடித்த பிறகு செய்தார்கள். ஆனால் செய்தித்தாள்களில் அது "மொசார்ட் கேட்டால் புத்தி வளரும்" என்று ஆனது. 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத் தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டு பட்ஜெட் போட்டார். நம் ஊரில் அறிவியல் செய்தி வாட்ஸ்அப்பில் திரிகிறது என்று வருத்தப்படுகிறோம், அங்கே சட்டமன்றத்தில் திரிந்திருக்கிறது.

பிறகு நடந்தது அவ்வளவாகப் பரவவில்லை. பலர் அதைத் திருப்பிச் செய்து பார்த்தார்கள், சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை. 2001-இல் கனடாவில் தாம்சன், ஷெல்லன்பெர்க், ஹுசைன் மூவரும் ஒரு பக்கம் துள்ளலான மொசார்ட், மறுபக்கம் அல்பினோனி என்ற இத்தாலிய இசையமைப்பாளரின் பெயரில் வழங்கும் மெதுவான சோக இசை என்று வைத்துப் பார்த்தார்கள். துள்ளல் உதவியது, சோகம் உதவவில்லை. உற்சாகத்தையும் மனநிலையையும் கணக்கில் எடுத்துக் கழித்ததும் மொசார்ட்டின் மகிமை காணாமல் போனது. 2005-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 10, 11 வயதுப் பிள்ளைகள் எண்ணாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். மொசார்ட் கேட்டவர்களைவிட, அப்போது பிரபலமாக இருந்த பாப் பாட்டுக் கேட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். 2010-இல் வியன்னாவில், மொசார்ட் வாழ்ந்த ஊரிலேயே, இந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்தவர்கள் மொசார்ட்டுக்கென்று தனி விளைவு எதுவும் இல்லை என்று முடித்துவைத்தார்கள்.

இதிலிருந்து உங்கள் மகனுக்குக் கிடைக்கும் ஒரு நல்ல செய்தி: பாட்டை முன்னால் வைத்துக்கொள்ளலாம். படிக்க உட்காரும் முன் பத்து நிமிடம் பிடித்த பாட்டைக் கேட்டு உற்சாகமாக எழுந்து வந்து உட்கார்ந்தால், அந்த உற்சாகம் கொஞ்ச நேரம் கைகொடுக்கும். இடைவேளையிலும் அப்படியே. அவன் ரசனைக்குரிய குத்துப்பாட்டாக இருந்தாலும் சரி. வீணைக்கு மாற்றச் சொல்லி நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. குறிப்பிட்ட ராகம் நினைவாற்றலைக் கூட்டும், இத்தனை ஹெர்ட்ஸ் ஒலி மூளையில் ஆல்பா அலையை எழுப்பிப் பாடத்தைப் பதியவைக்கும் என்றெல்லாம் யூடியூபில் மணிக்கணக்கில் ஓடும் வீடியோக்கள் இருக்கின்றன. ராகம் மனத்தைத் தொடும், அமைதிப்படுத்தும், நானே அதற்கு அடிமை. பாடத்தைப் பதியவைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. இரண்டு காதிலும் வெவ்வேறு அதிர்வெண் கொடுக்கும் ஒலிகளைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கின்றன. காசு கொடுத்து அந்தச் செயலிகளை வாங்காதீர்கள்.

இப்போது அந்த டிவி. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் இசையை அமைதியோடு ஒப்பிட்டவை. உங்கள் வீட்டில் ஹெட்செட்டைக் கழற்றினால் அவனுக்குக் கிடைக்கப்போவது அமைதி இல்லை. எட்டு மணி சீரியலும் ஒன்பது மணி விவாதமும்தான் கிடைக்கும். புரிகிற மொழியில், ஏற்ற இறக்கத்தோடு, சண்டை போடும் குரல்கள். வாசிப்பைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான ஒலியை ஆய்வுக்கூடத்தில்கூடத் தயாரிக்க முடியாது. அந்த நிலையில் அவன் பாட்டைச் சுவராக எழுப்பிக்கொள்கிறான் என்றால் அது புத்திசாலித்தனம்தான். பேச்சைவிட, ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்ட பாட்டு அவனுக்கு மேல் என்று தோன்றியிருக்கும். மழைச் சத்தம், விசிறிச் சத்தம் போன்ற ஒரே சீரான இரைச்சல் பேச்சை மூடிமறைக்கும், தான் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, அதனால் பாட்டைவிட நல்ல சுவர். எல்லாவற்றையும்விட நல்லது, அவன் மனப்பாடம் செய்யும் அந்த ஒன்றரை மணி நேரம் டிவியை அணைப்பது. அவன் அப்பாவுக்கு இது கசக்கும். ஆனால் ஹெட்செட்டுக்கு எதிராக அவர் சொல்லும் காரணம் எதுவானாலும் அது டிவிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

வெளிச்சத்தமும் இதே கணக்குதான். 1975-இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று, உயரப்பாதை ரயிலை ஒட்டிய ஒரு பள்ளியில் நடந்தது. தண்டவாளத்தை ஒட்டிய பக்க வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள், ஆறாம் வகுப்பில் கிட்டத்தட்ட ஒரு வருட அளவுக்கு. தண்டவாளத்தில் ரப்பர் மெத்தையும் கூரையில் ஒலியுறிஞ்சும் பலகையும் போட்ட பிறகு அந்த வேறுபாடு மறைந்தது. நம் ஊரில் பங்குனித் திருவிழாவும் பொதுத்தேர்வும் சேர்ந்து வருகிறபோது குழாய் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டே படித்த தலைமுறைகளுக்கு இதை யாரும் அளந்து பார்க்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன், இவற்றை நிச்சயம்போல எழுதுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். கலகலப்பானவர்களைவிட ஒதுங்கியிருக்கும் இயல்புள்ளவர்களை இசை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது என்று 1997-இல் ஃபர்ன்ஹாமும் பிராட்லியும் கண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அது அப்படியே வரவில்லை. பாட்டோடு படித்துப் பழகியவர்களுக்குப் பாதிப்பு குறைவு என்று 1970-களில் ஒரு முடிவு வந்தது, ஆனால் பாதிப்பு குறைவாக உள்ளவர்கள்தான் பாட்டோடு படிக்கப் பழகுகிறார்களா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். படிக்கும் சூழலும் தேர்வுச் சூழலும் ஒன்றாக இருந்தால் நினைவுக்கு வருவது எளிது என்று ஒரு கருத்து உண்டு. 1985-இல் ஸ்மித் பின்னணி இசையை வைத்தும், 1998-இல் கிராண்ட் குழுவினர் உணவகச் சத்தத்தை வைத்தும் அதற்கு ஆதரவான முடிவுகள் கண்டார்கள். ஆனால் இந்தக் கருத்தின் மிகப் புகழ்பெற்ற சான்றான, தண்ணீருக்கடியில் சொற்களைக் கற்ற முக்குளிப்போரின் 1975-ஆம் ஆண்டுச் சோதனையை அண்மையில் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. ஆகவே விளைவு இருந்தாலும் சிறியது என்று வைத்துக்கொள்கிறேன். இருந்தும் ஒரு நடைமுறைக் காரணத்துக்காக அதைச் சொல்வேன்: நீட் ஹாலில் மூன்று மணி நேரம் காதில் எதுவும் இருக்காது. மாதிரித் தேர்வுகளையாவது முழு நேரமும் பாட்டில்லாமல் எழுதிப் பழகட்டும்.

கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ஏ.டி.எச்.டி.) என்று மருத்துவர் கண்டறிந்த பிள்ளைகளின் கதை தனி. ஸ்வீடனைச் சேர்ந்த சோடர்லண்ட் குழுவினர் 2007-இல், ஒரே சீரான இரைச்சல் அத்தகைய பிள்ளைகளின் நினைவை மேம்படுத்தியதையும் மற்றப் பிள்ளைகளின் நினைவைக் குறைத்ததையும் கண்டார்கள். அது இரைச்சல், பாட்டு இல்லை. உங்கள் மகனுக்கு எந்த வேலையிலுமே, பிடித்த வேலையில்கூட, சின்ன வயதிலிருந்தே உட்கார முடியாமல் இருந்திருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாட்டில்லாமல் உட்கார முடியவில்லை என்பதை மட்டும் வைத்து அப்படி எதையும் முடிவு கட்டாதீர்கள். பதினாறு வயதில் இயற்பியல் புத்தகத்தின் முன் உட்காரச் சலிப்பது நோய் இல்லை.

பாட்டைவிடப் பாட்டு வரும் கருவி எனக்குக் கவலை தருகிறது. அடுத்த பாட்டு பிடிக்கவில்லை என்று போனை எடுப்பான், மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் இருக்கும், ஏழு நிமிடம் போய்விடும். இலவச யூடியூபில் பாட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு விளம்பரக் குரல் கத்தும். எதிர்பாராத ஒலி கவனத்தைப் பிடுங்கிக்கொண்டு போவது தெளிவாக நிரூபிக்கப்பட்ட விஷயம். கேட்டே தீருவான் என்றால், முன்கூட்டியே இறக்கிவைத்த பட்டியல், போன் வேறு இடத்தில், ஃப்ளைட் மோடில்.

இனி உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதைக் கண்டுபிடிக்கும் வழி. சராசரியைத்தான் ஆய்வுகள் சொல்லும், அவனைப் பற்றி அவனே சோதித்துக்கொள்ள முடியும். உயிரியலில் ஏறக்குறைய ஒரே அளவுள்ள ஆறு பகுதிகளை எடுத்துக்கொள்ளட்டும். மூன்றைப் பாட்டோடு, மூன்றைப் பாட்டில்லாமல், மாற்றி மாற்றி, ஒரே நேரம், ஒரே கால அளவு. படித்த உடனே சோதிக்கக் கூடாது, அப்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் நினைவிலிருந்து எழுதி, அவனே திருத்தி மதிப்பெண் போட வேண்டும். அப்பா திருத்தினால் சோதனை கெட்டுவிடும், அது வழக்காகிவிடும். ஆறு பகுதியை வைத்துப் பெரிய உண்மை எதையும் நிறுவ முடியாது, ஆனால் வித்தியாசம் பெரிதாக இருந்தால் கண்ணில் படும். பாட்டில்லாத மூன்றும் தெளிவாக மேலே வந்தால், மனப்பாடத்துக்கும் புதுப் பாடத்துக்கும் ஹெட்செட்டைக் கழற்ற அவனே ஒத்துக்கொள்வான். வித்தியாசமே தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவனை மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்காரவைப்பது அந்தப் பாட்டுதான் என்றால், பாட்டில்லாமல் அரை மணியில் எழுந்துபோவதைவிட அது லாபம்.

எந்த முடிவுக்கு வந்தாலும் சத்தத்தின் அளவை மட்டும் கவனியுங்கள். குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், பெரியவர்களுக்கு 80. டிவிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் ஒலியை ஏற்றிவிடுகிறார்கள். அவன் ஹெட்செட் போட்டிருக்கும்போது ஒரு கை நீட்டும் தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் குறைக்கச் சொல்லுங்கள்.